லேவியராகமத்தில் நின்றுபோனவர்களுக்கு: தினமும் பைபிள் வாசிக்க ஒரு வழி

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் உட்கார்ந்து, "இந்த வருஷம் பைபிளை முழுசா முடிச்சிடணும்" என்று தீர்மானம் எடுப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். கணக்கு எல்லாச் சபையிலும் ஒன்றுதான்: நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிறு மட்டும் ஐந்து. 1,189 அதிகாரமும் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். கணக்கில் தப்பில்லை. ஆனால் அதே கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி முடியும்போது மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் 11ஆம் அதிகாரம் பக்கம் வந்திருப்பீர்கள். பிப்ரவரி 1 காலையில், ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில், குஷ்டரோகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று 59 வசனம் வாசிக்க வேண்டும்.

நான் ஆறு வருஷம் அங்கேதான் நின்றேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு விசுவாசம் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். கோளாறு தொடங்கிய இடத்திலும் வேகத்திலும் இருந்தது என்று புரிய ஏழாவது வருஷம் ஆனது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், பிறந்ததிலிருந்து சபையில் இருந்தும் பைபிளைத் தொடர்ச்சியாக வாசிக்காதவர்கள், இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன்.

தேவைப்படுவது ஒரு பைபிள், ஒரு 200 பக்க நோட்டு, ஒரு பேனா, நாளுக்கு இருபது நிமிடம். பைபிள் ஏற்கெனவே இருந்தால் செலவு நோட்டுக்கு மட்டும்தான்.

1. எந்தப் பைபிள்?

முதலில் வீட்டில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். திடப்படுத்தலுக்கோ கல்யாணத்துக்கோ யாரோ கொடுத்தது அலமாரியில் ஜிப் போட்டுப் படுத்திருக்கும். சங்கீதம் பக்கத்தைத் திறந்து, வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில் ஒரு நிமிடம் வாசியுங்கள். கண் சுருங்கினால் அந்தப் பைபிள் வேண்டாம். நான் தங்க ஓரம், தோல் அட்டை என்று ஆயிரத்துக்கும் மேல் கொடுத்து ஒன்று வாங்கினேன். எழுத்து கடுகு மாதிரி. இப்போது அம்மா அதை ஆலயத்துக்குக் கொண்டுபோகிறார்; திறப்பதில்லை. வேதாகமச் சங்கம் போடும் சாதாரண அட்டைப் பதிப்பு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பெரிய எழுத்துப் பதிப்பா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. நம் பெரும்பாலான புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் வாசிக்கப்படுவது பழைய மொழிபெயர்ப்பு. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கர் கையில் அதிகம். 23ஆம் சங்கீதத்தின் முதல் வரியை இரண்டிலும் பாருங்கள்:

பழையது: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்."

திருவிவிலியம்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை."

"தாழ்ச்சியடையேன்" என்றால் "யாரிடமும் தாழ்ந்துபோக மாட்டேன்" என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். எனக்கு எதுவும் குறைபடாது என்பதுதான் பொருள். பழையதை விடச் சொல்லவில்லை. காதில் ஊறிய தமிழ் அது. மனப்பாடம் செய்ய அதைப் போல வராது. பழையதைக் கையில் வைத்துக்கொண்டு, புரியாத இடத்தில் மட்டும் இன்னொன்றைப் பாருங்கள். இரண்டாவதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். யூவெர்ஷன் செயலியில் ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் இலவசமாகவே இருக்கின்றன.

புத்தகங்களின் பெயரும் மாறும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் திருவிவிலியத்தில் தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள். புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 புத்தகம், கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து, யூதித்து, சீராக் போன்றவை சேர்ந்து 73. கடையில் "இது வேற பைபிளா?" என்று பயப்பட வேண்டாம்.

2. நேரத்தைப் பிடிப்பது

"காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கணும்" என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஆச்சி அப்படித்தான் எழுந்தார். ஆனால் ஆச்சி ராத்திரி எட்டரைக்குப் படுத்துவிடுவார். பன்னிரண்டு மணி வரை போனைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு அலாரம் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒன்றோடு ஒட்டவையுங்கள். எனக்குக் காலைக் காபி. டம்ளர் மேசைக்கு வரும்போது பைபிள் அங்கே ஏற்கெனவே திறந்து இருக்கும். முந்தின இரவே அடையாளநாடாவைப் போட்டுத் திறந்து வைத்துவிடுவேன். இரவு ஷிப்ட் வேலை என்றால் வீடு திரும்பிச் சாப்பிட்டதும் வாசியுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நேரம் குறிப்பதே வீண். குழந்தை தூங்குகிற முதல் இருபது நிமிடம், அவ்வளவுதான்.

போனில் வாசிக்கலாமா? பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது வேறு வழியில்லை, வாசியுங்கள். வீட்டில் வேண்டாம். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நாலு பேர் கூரையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, "இன்று இரவு மட்டும் 50% தள்ளுபடி" என்று மேலிருந்து ஒன்று இறங்கும்.

3. ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள்

இந்த ஒரு படியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷங்களிலும் சின்னது. இயேசு யார், என்ன செய்தார் என்று நேரே போகும். நாளுக்கு ஒரு அதிகாரம். ஆசை வந்தாலும் இரண்டாவதற்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் அதே அதிகாரத்தை இன்னொரு தடவை வாசியுங்கள்.

நான் போன வரிசை இது: மாற்கு 16, ஆதியாகமம் 50, யாத்திராகமத்தில் பத்துக் கட்டளை வரை 20, லூக்கா 24, அப்போஸ்தலர் நடபடிகள் 28, பிலிப்பியர் 4, யாக்கோபு 5, ரூத் 4, ஒன்று சாமுவேல் 31. கூட்டிப் பாருங்கள், 182. சரியாக அரை வருஷம். இந்த வரிசையில் பெரும்பகுதி கதைதான். ஆபிரகாம், யோசேப்பு, மோசே, தாவீது யார் என்று தெரிந்த பிறகு நிருபங்களை, அதாவது அப்போஸ்தலர்களின் கடிதங்களை, வாசித்தால் பாதிச் சிக்கல் தானாகவே அவிழும்.

ஆதியாகமம் 5, 10, 36 மூன்றும் பெரும்பாலும் வம்ச வரலாறு. மேலோட்டமாகப் போங்கள், பாவமில்லை.

இரவு படுக்கும் முன் ஒரு சங்கீதம் சேர்த்துக்கொள்ளலாம். 119ஆம் சங்கீதம் மட்டும் 176 வசனம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதியாகவே எழுதப்பட்டது, அதனால் 22 இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 149ம் இரவுக்கு ஒன்று. மொத்தம் 171 இரவு. அரை வருஷத்தில் 11 இரவு மிச்சம். அது காய்ச்சலுக்கும் ஊர்ப் பயணத்துக்கும்.

கத்தோலிக்கராக இருந்தால் இன்னொரு நல்ல வழி கைக்குள்ளேயே இருக்கிறது. திருப்பலியின் அன்றாட வாசகங்களையே பின்பற்றுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று, வாரநாள் முதல் வாசகங்கள் இரண்டு ஆண்டுச் சுற்று. வாசகம் துண்டாக வரும் என்பதுதான் ஒரே குறை. அதே அதிகாரத்தை முழுதாக ஒருமுறை புரட்டிவிட்டால் அதுவும் சரியாகிவிடும்.

4. வாசிக்கிற விதம்

ஒரு சின்ன ஜெபம். "ஆண்டவரே, புரியவையும்" என்றாலே போதும். பத்து நிமிடம் ஜெபித்து ஐந்து நிமிடம் வாசித்து எழுந்துபோகிறவனாக நான் பல நாள் இருந்திருக்கிறேன்.

முதல் தடவை வாய்விட்டு வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நீள வாக்கியங்கள் கண்ணுக்கு முரண்டு பிடிக்கும், வாய்க்கு வழி விடும். இரண்டாம் தடவை மெதுவாக, மனதுக்குள். அப்புறம் மூன்று கேள்வி: இங்கே என்ன நடக்கிறது? கடவுளைப் பற்றி என்ன தெரிகிறது? எனக்கு எது இடறுகிறது? "இன்று எனக்கு என்ன வாக்குத்தத்தம்?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். அதை முதலில் கேட்டால் மற்ற எதுவும் கண்ணில் படாது.

மாற்கு 4ஆம் அதிகாரத்தின் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். புயல். பத்துப் பிரசங்கமாவது கேட்டிருப்பேன். ஒருநாள் மெதுவாக வாசித்தபோதுதான் தலையணை கண்ணில் பட்டது. படகின் பின்னணியத்தில் தலையணை வைத்து இயேசு தூங்குகிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தைச் சொல்கிறார்கள், தலையணை அங்கே இல்லை. பின்னணியம் என்றால் படகின் பின்பக்கம். கடல்தொழில் செய்கிற குடும்பங்களில் அணியம் இன்றும் புழங்குகிற சொல். அப்புறம் சீஷர்கள் அவரை எழுப்பிக் கேட்பது: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா." காப்பாற்றும் என்று மாற்குவில் அவர்கள் கேட்கவே இல்லை, கோபித்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஜெபித்த ஜெபம் ஒன்று கிட்டத்தட்ட இதே வார்த்தைதான். அதற்காகப் பல மாதம் குற்ற உணர்ச்சியில் இருந்தேன். அந்த ஜெபம் பைபிளிலேயே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு அதிகாரத்துக்கு இரண்டு வாசிப்பும் சேர்த்து எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. மீதி எட்டு நிமிடம் நோட்டுக்கும் ஜெபத்துக்கும்.

5. நோட்டு

நாளுக்கு நாலு வரி. தேதியும் அதிகாரமும், ஒட்டிக்கொண்ட ஒரு வசனம், புரியாத ஒன்று, ஒரு வரி ஜெபம். அதற்கு மேல் எழுதாதீர்கள். முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் மூன்றாவது வாரம் நோட்டையே தொடுவதில்லை.

மூன்றாவது வரிதான் முக்கியம், எல்லோரும் விட்டுவிடுவதும் அதைத்தான். புரியவில்லை என்று எழுதிவைப்பது அவிசுவாசம் இல்லை. என் நோட்டின் முதல் பக்கத்தில், மாற்கு 1க்குக் கீழே இப்படி இருக்கிறது: "குஷ்டரோகி குணமாகிவிட்டான். அப்புறமும் ஏன் ஆசாரியனிடம் போகச் சொல்கிறார்?" ஆசாரியன் என்றால் பலி செலுத்துகிற குரு. பதில் உடனே தேடவில்லை. விட்டுவிட்டேன்.

6. பழைய தமிழ்ச் சொற்கள்

பைபிள் தமிழில் சில சொற்கள் நமக்குத் தெரிந்த மாதிரி நடித்து ஏமாற்றும். சின்ன வயசில் "திமிர்வாதக்காரன்" என்றால் திமிர் பிடித்தவன் என்று நம்பி, அவனை ஏன் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். பக்கவாதத்தால் உடம்பு முடங்கிப்போனவன் அவன். அடிக்கடி வருகிற இன்னும் சில:

சமுகம்: சமுதாயம் இல்லை, சந்நிதி. "உம்முடைய சமுகத்தில்" என்றால் உமக்கு முன்பாக.
ஆயக்காரன்: வரி வசூலிக்கிறவன்.
நூற்றுக்கு அதிபதி: நூறு வீரர்களுக்குத் தலைவனான ரோமப் படை அதிகாரி.
நிருபம்: கடிதம். பவுல் எழுதியதையெல்லாம் ஒரு கடிதம் மாதிரி ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பிலிப்பியர் அரை மணி நேரம்கூட ஆகாது.
ஆக்கினை: தண்டனை.

நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டுவது), பெரிய விளக்கவுரைத் தொகுதிகள் எதையும் முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள். விளக்கத்தை முதலில் வாசித்தால் வசனத்தை வாசிக்க மாட்டீர்கள். தவணையில் நாலு தொகுதி வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

7. நாள் தவறினால்

தவறும். முதல் மாதத்திலேயே தவறும். தவறிய நாளை அடுத்த நாள் சேர்த்து அடைக்காதீர்கள். மூன்று நாள் விட்டால் நாலு அதிகாரம், ஒரு வாரம் விட்டால் எட்டு. வட்டிக் கடன் மாதிரி ஏறும், கடைசியில் பைபிளைப் பார்க்கும்போதே கடன்காரனைப் பார்த்த மாதிரி ஆகிவிடும். விட்ட இடத்திலிருந்து ஒரு அதிகாரம், அவ்வளவுதான். 182 நாள் வரிசையை முடிக்க எனக்கு 231 நாள் ஆனது. ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இதனால்தான் தேதி அச்சிட்ட அட்டவணையை நான் பரிந்துரைப்பதில்லை. அதிகாரங்களை மட்டும் எழுதி, முடித்ததை அடித்துக்கொண்டு போங்கள்.

8. வசன அட்டையை மட்டும் நம்பாதீர்கள்

புது வருஷ ஆராதனை முடிந்து வரிசையில் நின்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைக் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். ஒரு வருஷம் எனக்கு வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும். அப்போது ஒரு வேலைக்கு இன்டர்வியூ முடித்து முடிவுக்காகக் காத்திருந்தேன். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று அட்டையே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? பர்சில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வேலை கிடைக்கவில்லை. ஆண்டவர்மேல் கோபம், ஒரு வருஷம்.

பிற்பாடு அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள் என்கிறது. 11ஆம் வசனத்துக்கு ஒரே வசனம் முன்னால், திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் அந்தத் திரும்புதலைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்களுக்குத்தான் அது சொல்லப்பட்டது. அட்டையில் இருந்ததைவிடக் கடினமானது, ஆனால் வேலை கிடைக்காத வீட்டிலும் நிற்கக்கூடியது.

அதனால், வாட்ஸ்அப்பில் வரும் காலை வசனமோ, நாட்காட்டி வசனமோ, எது பிடித்தாலும் பைபிளைத் திறந்து முன்னால் பத்து வசனம், பின்னால் பத்து வசனம் வாசித்துவிட்டு நம்புங்கள். கண்ணை மூடி விரல் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

9. கூட ஒரு ஆள்

தனியாக ஆறு மாதம் தாங்குவது கஷ்டம். பெரிய குழு வேண்டாம். நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் "ஆமென்" போடுவார்கள், வாசித்தார்களா என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு ஆள். அதே வரிசையில் வாசிக்கிறவர். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போனில், நோட்டின் மூன்றாவது வரியை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். எனக்கு அது பெரியம்மா மகன். மூன்றாவது வரிக் கேள்விகள் பத்து சேர்ந்ததும் போதகரிடம் கொண்டுபோங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கை குலுக்கும் வரிசையில் கேட்காதீர்கள். வாரநாளில் நேரம் கேட்டுப் போங்கள். நான் கேட்ட ஒருவர், "இதையெல்லாம் கேள்வி கேட்கக் கூடாது" என்றார். இன்னொருவர் சந்தோஷப்பட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார். முதல் ஆளிடம் சோர்ந்துபோகாதீர்கள்.

10. அப்புறம் லேவியராகமம்

182 அதிகாரம் முடிந்த பிறகு, அடுத்து வரும் லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், அதைத் தொடுங்கள். லேவியராகமம் 27 அதிகாரம், எபிரெயர் நிருபம் 13. கூட்டினால் 40. ஞாயிறுகளைக் கழித்தால் லெந்து நாட்களும் 40. இரண்டு நாள் லேவியராகமம், ஒரு நாள் எபிரெயர் என்று மாற்றி மாற்றிப் போங்கள். பலி, ஆசாரியன், இரத்தம் என்று லேவியராகமத்தில் வருவதையெல்லாம் எபிரெயர் எடுத்துப் பேசும். கடைசியில் லேவியராகமம் ஒரு அதிகாரம் மிஞ்சும், அது நாற்பதாம் நாளுக்கு.

போன லெந்தில் 13ஆம் அதிகாரத்தின் அந்த 59 வசனத்தைத் தாண்டினேன். அடுத்த நாள் 14ஆம் அதிகாரம். குணமான குஷ்டரோகி ஆசாரியனிடம் வருகிறான். உயிருள்ள இரண்டு குருவிகள். ஒன்றை ஓடுகிற தண்ணீருக்கு மேலே மண்பாத்திரத்தில் கொல்கிறார்கள். மற்றதை அந்த இரத்தத்தில் தோய்த்து வெளியில் பறக்கவிடுகிறார்கள். அந்த மனிதன் பாளயத்துக்குள், ஜனங்கள் கூடாரம் போட்டிருக்கும் இடத்துக்குள், திரும்ப வரலாம் என்று ஆசாரியன் சொன்ன பிறகுதான் அவனுக்கு ஊரும் ஜனமும். நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய், அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் "லேவி. 14" என்று எழுதினேன்.